வளைவுதோறும் இருமிய கார்

மனைவிக்குச் சித்தேரி மலைப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. கம்பைநல்லூரிலிருந்து அரூர் போய், அங்கிருந்து மலை ஏற வேண்டும். பஸ்ஸை நம்பினால் மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் கால் வைக்க முடியும். அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கார் மலை ஏறினால் தினமும் வீட்டுக்கு வருவாள். ஏறாவிட்டால் மேலேயே ஒரு ரூம் பிடித்துக்கொண்டு சனிக்கிழமைதான் வருவாள். நான் வீட்டிலிருந்தே கதை எழுதுகிறவன். வாரம் முழுக்க நானும் சுவரும் மட்டும் பேசிக்கொள்ளும் வீட்டை நினைத்துப் பார்த்தேன். சுவர் அதிகம் பேசாது.

கார் ஏறியது. பிறகு ஏறவில்லை. மறுபடி ஏறியது. அதுதான் தொல்லை. கல்லூரிக்குப் போகிற வயசு அந்தக் காருக்கு, புத்தியும் அப்படியே. நேர் ரோட்டில் பாட்டுப் போல ஓடும், திடீரென்று எக்கும், தளரும், மிதிக்காமலே பாயும், மிதித்தால் சோர்ந்துவிடும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து, விட்டு, இழுத்து விளையாடுகிற மாதிரி.

அரூர் மெக்கானிக் பிளக் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார், பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிக் கழுவினார். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டிவந்து, "தங்கமா ஓடுதுங்க சார்" என்றார்.

"சில புள்ளைங்க இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்குமே, அந்த ரகம்ங்க இது" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். ஞாயிறு காலை கடைசிச் சோதனை. அவள் ஓட்ட, நான் பக்கத்தில். மழை பெய்து ஓய்ந்த மலை. எந்தப் பச்சையைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் இருமியது. இன்னொன்றில் நின்றே போனது. சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

"பெட்ரோல் இருக்குதான்னு பாருங்க."

"முள்ளு பாதியில நிக்குதே."

"இந்த வண்டில எது நெசம் சொல்லுது? தொறந்து பாருங்க."

மூடியைத் திருகினேன். புஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். உள்ளே பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு வந்தேன், சாவியைத் திருப்பியதும் கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. மேலே போய் மறுபடி இருமல். மறுபடி திறந்தேன், மறுபடி புஸ்ஸ்ஸ், மறுபடி ஓட்டம்.

அவள் ஸ்டியரிங்கில் கைகளைத் தட்டினாள். "ஏங்க, பங்க்ல போட்டதும் எப்பவும் நல்லா ஓடுமே! அந்த பங்க் பெட்ரோல் சுத்தம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. காரணம் பெட்ரோல் இல்லைங்க, மூடியத் தொறந்ததுதான்!"

ஓரமாக நிறுத்தி மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் சிமெண்டுப் பூச்சாக இறுகிக் கிடந்தன. அதற்கடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை. பெட்ரோல் குறையக் குறைய டேங்க் காற்றிழுக்கிற வழி அது. அதன் மூக்கை அடைத்துவிட்டு மலை ஏறச் சொல்லியிருக்கிறோம்.

"இது யாரு வெச்ச பொட்டு?" என்றேன்.

"நான்தான். அதுக்கும் வையி, அதுதான் வண்டிக்கு வாயின்னு சொன்னது யாரு?"

"வாய்க்கு வைக்கச் சொன்னேன். மூக்குல அப்பச் சொல்லல."

சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி அவளே குத்தினாள், ஊதினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு உச்சி வரை ஓர் இருமல் இல்லை. மேலிருந்து மெக்கானிக்குக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சார், அடுத்த வருசம் பூஜைக்கு வண்டிய எங்கிட்டவே வுட்டுடுங்க. பொட்டும் நானே வெச்சுக் குடுத்துடறேன்."

மறுநாள் காலை, "நானும் வரட்டுமா? வழியில நின்னுட்டா?" என்று கேட்டேன்.

"நின்னா மூடியத் தொறக்க எனக்குத் தெரியாதா? நீங்க வூட்ல இருந்து சோறாக்கி வைங்க."

அன்றைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. ரசம் வைத்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன், ரசத்துக்கு இரண்டாம் முறை உப்புப் போட்டேன். இருட்டுவதற்கு முன்பே தெருமுனையில் ஹாரன். கரண்டியோடு ஓடினேன். கதவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மூணாங்கிளாஸ்ல ஒருத்தி இருக்கா பாருங்க, எம் பேரக் கேக்கல. வண்டி பேரென்னங்க டீச்சர்ங்கறா."

"என்ன சொன்ன?"

"யோசிச்சு நாளைக்கு வந்து சொல்றேன்னேன்."