ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை

என் காரின் பின்சீட்டுக்குப் பின்னால், சாமான் வைக்கிற இடத்தை ஒரு கறுப்புப் பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே ஒட்டிய துணி ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. நடுவில் அகன்ற வாணலி மாதிரி ஒரு வூஃபர், அடித்தொனியை அதிரவைக்கிற ஸ்பீக்கர். அதை மாட்டிய நாளிலிருந்து அந்தக் காரில் வேறு சாமான் எதுவும் ஏறவில்லை. அம்மா பசாரில் வாங்கும் அரிசி மூட்டைகூட அவர் மடியில் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வரும். "இந்தச் சவப்பெட்டிய எப்பத்தான் எறக்குவ?" என்று கேட்பார். உள்ளே ஆள் இன்னும் சாகவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இல்லாத ஒரு சத்தத்தைக் கேட்பதற்காக வூஃபர் மாட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமையை எனக்கு வாங்கித் தந்தவர் லேபிள் அக்கா.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீடு. கீழே டயர் கடை, மேலே அக்காவின் லேபிள். பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத ராக் பேண்டுகளின் பாட்டைக் கேசட்டாகப் போட்டு வெளியிடுவார். ஈப்போ, பட்டர்வொர்த், நிபோங் திபால் என்று எங்கிருந்தோ பையன்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தமிழில் கத்துகிறவன், மலாயில் கத்துகிறவன், என்ன மொழி என்று தனக்கே தெரியாமல் கத்துகிறவன், எல்லாரும் அந்த மரப்படி ஏறித்தான் ஆகவேண்டும். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த கிராணிமார் குடும்பம். அவரும் பல வருடம் கப்பல் ஆபீசில் கிராணியாக இருந்துவிட்டு வந்தவர்தான். ராக் கேசட் போடும் ஆள் என்று யாரும் நம்பமாட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, ஆணி அடித்த மாதிரி நேரான முதுகு.

அவருடைய லேபிளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பேண்டு மொத்தமும் ஒரே அறையில் நின்று, எல்லாப் பாட்டையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். தப்பு வந்தால் வந்ததுதான். வேறு இடத்தில் எடுத்ததைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, எடுத்ததில் எதையும் நீக்குவதுமில்லை. டயர் கடையில் சுத்தியல் விழும் சத்தமும் பாட்டோடு சேர்ந்து கேசட்டில் போகும். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் "ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை" என்று அச்சடித்திருப்பார். ஐந்தாம் படிவத்தைப் பாதியில் விட்டவன் நான். எனக்குப் புத்தகத்தில் எதுவும் மனப்பாடம் ஆனதில்லை, அந்த ஒரு வரியைத் தவிர. லேபிளுக்கு யார் புதிதாக வந்தாலும் அதை நான்தான் விளக்கிச் சொல்வேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

அக்காவின் வாய் பொல்லாதது. ஊரில் என் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப்போகிறவர்கள் உண்டு; நானே அவர் வாய்க்கு ஒதுங்கிப்போவேன். காதலி விட்டுப்போன சோகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாடிய ஒரு பையனிடம், பாட்டு முடிந்து அறையே அமைதியாக இருந்தபோது, "அந்தப் பொண்ணு செஞ்சது சரிதான்" என்றார். நாங்கள் தரையில் உருண்டு சிரித்தோம். அந்தப் பையன் கிதாரைப் பைக்குள் வைத்து, ஜிப்பை ரொம்ப மெதுவாக இழுத்து மூடினான். அதற்குப் பிறகு அவனை எங்கேயும் மேடையில் பார்க்கவில்லை. இன்னொரு பேண்டுக்கு, "நல்லாத்தான் இருக்கு, பாடாம இருந்தா இன்னும் நல்லாருக்கும்." வாரா வாரம் போய் உட்கார்ந்திருந்தோம். அடி அடுத்தவன் முதுகில் விழும்வரை அது நல்ல வேடிக்கைதானே.

எங்கள் பேண்டில் மூன்று பேர். என் தம்பி பாடிக்கொண்டே கிதார் வாசிப்பான். டிரம்ஸ் அவன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. நான் பேஸ், அதாவது தடித்த கம்பி போட்டு அடிவயிற்றிலிருந்து உறுமுகிற கிதார். பேஸ் வாசிப்பவனைப் பொதுவாக யாரும் கவனிப்பதில்லை என்பதால் நான் கவனிக்க வைத்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஜோக் அடிப்பேன், பாட்டுக்கு நடுவிலும் அடிப்பேன். தம்பியின் மூஞ்சியைப் பார்த்துப் பழிப்புக் காட்டுவேன். தாளம் கொஞ்சம் முன்னே ஓடும், நான் பின்னாலேயே துரத்திப் பிடித்துவிடுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் முறை வந்த அன்று காலையில் ஐந்து பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்தோம். கடைசி அடி விழுந்ததும் எனக்குக் கையெல்லாம் வியர்த்து, நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. அதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தம்பி, நல்ல பசி. நாசி கண்டார் வாங்கிட்டு வா" என்றார் என்னிடம்.

"கீழ இருக்கிற கடையிலயாக்கா?"

"அங்க வேணாம். எல்லாரும் வரிசை பிடிச்சு நிப்பாங்களே, அந்தக் கடையில. கொழம்பு கலந்து ஊத்தச் சொல்லு. அவசரமில்ல லா, மெதுவா வா."

வெயிலில் நின்றேன். எனக்கு முன்னால் பாதி ஊர் நின்றது. பேஸ் வாசித்த விரல் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததால் முன்னால் நின்ற மாமாவின் தோளில் தாளம் போட்டேன். அவர் திரும்பி முறைத்தார். பொட்டலங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரப்படி தடதடவென்று ஏறி, கதவைக் காலால் உதைத்து, "சாப்பாடு வந்துருச்சு லா!" என்று கத்தினேன். தம்பி கிதாரோடு நின்றுகொண்டிருந்தான். டிரம்ஸ்காரன் குனிந்து குச்சியைப் பார்த்தான். அக்கா ஒரு விரலை உதட்டில் வைத்தவர், பிறகு எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

கேசட் வந்தது. கடைசிப் பாட்டின் கடைசி அடி கரைந்துகொண்டிருக்கும்போது, மரப்படியில் காலடி தடதடக்கும், கதவு படாரென்று திறக்கும், என் குரல் வரும். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த இடம்தான் பிடித்தது. எங்கேயோ தைவானிலிருந்து ஒருவர் அதைப் பற்றி எழுதியிருப்பதாகத் தம்பி காட்டினான். ரோட்டில் பையன்கள் என்னைப் பார்த்தால் "சாப்பாடு வந்துருச்சு லா!" என்று கத்துவார்கள். நான் கையை அசைப்பேன். ஒரே ஒரு குறைதான். என் காரில் போட்டுக் கேட்டால் பேஸ் மட்டும் கேட்கவில்லை.

அப்பாவின் பழைய கார், கேசட் போடுகிற காலத்து ரேடியோ. அதனால் ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். "ஆமாண்ணே, ஸ்பீக்கர் ரொம்பப் பழசு" என்றான் தம்பி. புதுசு மாட்டினேன். பேஸ் வரவில்லை. "கதவு ஸ்பீக்கர்ல அதெல்லாம் வராதுண்ணே, வூஃபர் வேணும்" என்றான். கடைக்கு அவனும் கூட வந்தான். பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு பக்கம் பிடித்ததும் அவன்தான். கடை முதலாளியான தவுக்கே வேறொரு பாட்டைப் போட்டுக் காட்டினார். நம்பர் பிளேட் அதிர்ந்தது. என் கேசட்டைப் போட்டேன். டிரம்ஸ் மட்டும் முதுகில் உதைத்தது. நான் எங்கேயும் இல்லை.

மறுநாள் லேபிளுக்குப் போனேன். அன்றைக்கு நிபோங் திபால் பேண்டு ஒன்று வந்திருந்தது, அறை நிறைய ஆள், தம்பியும் இருந்தான்.

"அக்கா, கேசட்டுல ஏதோ கோளாறு. வூஃபர் போட்டும் என் பேஸ் கேக்கல."

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "நம்ம லேபிள்ல ஒட்டு உண்டா?"

"இல்லக்கா."

"வெட்டு?"

"இல்லக்கா." பெருமையாகத்தான் சொன்னேன்.

"கடைசிப் பாட்டு முடியிறப்ப நீ எங்க இருக்க?"

"படியில ஏறி வர்றேன்."

"கையில என்னா?"

"சாப்பாடு."

"அப்ப பேஸ் வாசிச்சது யாருடா, உன் ஆவியா?"

யாரும் உடனே சிரிக்கவில்லை. நான் கணக்குப் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நான் வரிசையில் நின்ற நேரத்தில் ஐந்து பாட்டையும் இரண்டு பேராக இன்னொரு முறை வாசித்திருக்கிறார்கள். அதுதான் கேசட். காலையில் நான் வாசித்தது எங்கேயும் இல்லை. அந்தக் கடையை ஏன் சொன்னார், ஏன் மெதுவாக வரச் சொன்னார், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் மூஞ்சியில் உட்கார்ந்தது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கேபிளை.

"என் பேஸ் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். என்னவோ அதுதான் கேட்கத் தோன்றியது.

"செவுத்துல சாஞ்சு இருந்துச்சு. நீ கையில வச்சிருக்கிறதவிட அப்பத்தான் தாளம் தப்பாம இருந்துச்சு."

அப்போது சிரித்தார்கள். நிபோங் திபால் பையன்கள் தரையில் உருண்டார்கள். அந்தத் தரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு பேண்டில் இரண்டு பேர்தான் என்று ஆகிவிட்டது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஒத்திகை எப்போது என்று யாரும் சொல்லவுமில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேசட் நன்றாக விற்றதற்கு ஒரு கச்சேரி. அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீயும் வா. வாசிக்க வேணாம். கடைசியில பொட்டலத்தோட மேடைக்கு ஏறி அதச் சொல்லு. அதுக்குச் சுருதி தேவையில்ல." தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாண்ணே, சனம் எதிர்பார்க்கும்" என்றான். நான் போனேன். கெடுப்பதற்காகத்தான் போனேன்.

கடைசிப் பாட்டு முடிந்தது. கடைசி அடி கரைந்தது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியைப் பார்த்தது. நான் கடைசிப் படியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிட ஆரம்பித்தேன். தம்பி முகம் வெளுத்தது. எனக்குப் பசி அவ்வளவு நன்றாக எடுத்ததே இல்லை. இரண்டாவது கவளம் வாயில் இருந்தபோது பின்வரிசையில் எவனோ கத்தினான், "சாப்பாடு வந்துருச்சு லா!" அப்புறம் மண்டபம் முழுக்க. கூரைத் தகரம் அதிர்ந்தது. எல்லாரும் சேர்ந்து என்னைவிட நன்றாகக் கத்தினார்கள். அக்கா ஓரத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

தம்பியும் டிரம்ஸ்காரனும் இப்போது கோலாலம்பூரில். லேபிளை மூடிவிட்டார்கள். வருடக்கணக்காக ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்காவின் காதுகள் இரண்டும் போய்விட்டன. பாயான் பாருவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். காதில் மாட்டுகிற மெஷினில் பேச்சு ஏதோ இரைச்சலாக விழுகிறதாம், பாட்டு விழுவதே இல்லையாம். ஒருநாள் ஆள்விட்டுக் கூப்பிட்டார். "உன் காடியில அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். காரில் கூட்டிப்போ என்று வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நானும் உதவி செய்யாமல் அவர் கேட்கிறவரை நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைக் காரில் ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போகிறேன். சில நாள் வேண்டுமென்றே தாமதமாகப் போவேன். வெயிலில், இஸ்திரி போட்ட சட்டையில், நேராக நின்றுகொண்டிருப்பார். பின்சீட்டில் உட்கார்ந்து, வூஃபர் பெட்டி இருக்கிற பக்கம் முதுகை அழுத்திச் சாய்த்துக்கொள்வார். எங்கள் கேசட்டைத்தான் போடச் சொல்வார். டிரம்ஸ் அவர் முதுகெலும்பில் உதைப்பதைக் கண்ணாடியில் பார்ப்பேன். கண்ணை மூடித் தலையாட்டுவார். "பேஸ் இல்லாம என்னா அழகு பாத்தியா" என்பார், ஒவ்வொரு வாரமும், ஒரு வாரம்கூட விடாமல். இந்தப் பெட்டியை நான் ஏன் மாட்டினேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசிப் பாட்டின் கடைசி அடி விழுந்ததும் நான் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவேன். அவர் முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்த்துக்கொண்டு, மரப்படியில் என் காலடி தடதடப்பதற்காகக் காத்திருப்பார். கார் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, கண்ணாடியில் என் வாயைப் பார்த்துக் கேட்பார்.

"வந்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா" என்பேன், உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி. "வரிசை நீளம்."