‘உனக்கு இன்னா கேக்குது?’ என்று கேட்ட ஜெயசீலன் அண்ணன்

வியாழக்கிழமை மதியம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாபுவிடமிருந்து இரண்டே சொற்கள் வந்தன. “அண்ணன் போய்ட்டாரு.” நான் காதில் ஹெட்போனோடு வேலையில் இருந்தேன். “எங்க?” என்று பதில் போட்டுவிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, பாபு அழைத்தார்.

“இன்னாம்மா, எங்கன்னு கேக்குற? அண்ணன் செத்துட்டாரும்மா. கேன்டீன்ல டீ குட்ச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. முந்தின நாள் மாலை அண்ணன் எனக்கு எழுதியிருந்தார், “ஞாயித்துக்கிழமை வா. புதுசு ஒண்ணு வந்திருக்கு. கேட்டுச் சொல்லு” என்று. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்ன மனிதர் வியாழக்கிழமை எப்படி இறப்பார்? பாபுவிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேனாம். பாபு பிறகு சொல்லித்தான் தெரியும்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெயசீலன் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். வயது நாற்பத்தொன்பது. வீடு திருமுல்லைவாயிலில். ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்து சாப்பிட்டு முடித்தார் என்றால், மூன்று மணிக்கு மேல் அந்த வீட்டு முன்னறை எங்களுடையது. கணினியில் பாட்டுக் கேட்பவர்கள், குரல் பதிவு செய்பவர்கள் என்று ஏழெட்டுப் பேர் வருவோம். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். கையைக் கடிக்காத விலையில் எந்த ‘டாக்’ வாங்கலாம்?

கணினிக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அதைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தருவதுதான் டாக். எல்லாக் கணினிக்குள்ளும் ஒன்று உண்டு. ஆனால் விசிறிக்கும் மின்சுற்றுகளுக்கும் நடுவே நெரிசலில் உட்கார்ந்திருப்பதால், சில கணினிகளில் அது ஒலியோடு இரைச்சலையும் சேர்த்து அனுப்பிவிடும். அதற்காகத்தான் தீப்பெட்டி அளவில் ஒன்றைத் தனியாக வாங்கி வெளியே மாட்டுகிறோம். அண்ணன் முதன்முதலில் இதைச் சொன்னபோது பாபு, “இன்னாண்ணே, டாக்குன்ற, நாய் வாங்கச் சொல்றியா?” என்று கேட்டு, அந்த மாதம் முழுக்க எங்களைச் சிரிக்க வைத்தார். பாபு ஆவடி – பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். பருத்திப்பட்டில் ஏறும் என்னை அண்ணனிடம் கூட்டிப்போனவரும் அவர்தான்.

நான் போனது பாட்டுக்காக அல்ல, பிழைப்புக்காக. ஆய்வாளர்கள் கிராமங்களில் எடுக்கும் பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் வேலை. என் மடிக்கணினியில் எப்போதும் ஒரு ‘ஸ்ஸ்’ இருக்கும். ஒரு பதிவில், வயதான பெண்மணி தன் மகனைப் பற்றி “அவன் வரல” என்று சொன்னதை “அவன் வரான்” என்று அடித்துவிட்டேன். அந்தத் தாயின் வாழ்க்கையையே தலைகீழாக எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று வேலை தந்தவர்கள் எழுதிவிட்டார்கள்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாற்காலியைத் தன் வலப்பக்கம் இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்தார். பிறகு மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினார்.

“இப்ப உனக்கு இன்னா கேக்குது?”

இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. “பாதி வியாதி சார்ஜர்தான். மீதிக்கு வைத்தியம் பாப்போம்” என்று மூன்று சின்னக் கருவிகளை ஒரு துண்டுக்கு அடியில் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் ஒவ்வொன்றாக மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஹெட்போன் அருகே செல்போனைப் பிடித்து, மூன்றின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டார். “சத்தம் தூக்கலா இருந்தா நல்லா இருக்கிற மாதிரி தோணும். அது பொய்” என்பார். நான் தேர்ந்தெடுத்தது மூன்றில் ஆகச் சிறியது, ஆக மலிவானது. அதற்குப் பிறகு என் வேலை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பாபுவின் கதை இன்னும் வேடிக்கை. இணையத்தில் யாரோ புகழ்ந்தார்கள் என்று, வாங்க முடியாத விலையில் இருந்த ஒரு டாக்கின் மேல் ஆசை வைத்து, அதைக் கடன் வாங்கியே கொண்டுவந்துவிட்டார். அட்டைப்பெட்டியில் பெரிய பெரிய எண்கள் போட்டிருந்தன. அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்து, “இதெல்லாம் மனுசக் காதுக்கு எட்டாது, வௌவாலுக்கு ஆகும். உனக்கு ஆவுமான்னு பாப்போம்” என்றார். துண்டுக்கு அடியில் அதையும் தன்னிடமிருந்த மலிவான ஒன்றையும் வைத்து நான்கு முறை மாற்றினார். நான்கு முறையும் பாபு மலிவானதையே காட்டினார். “மாமே, என் மானத்த வாங்கிட்டியே” என்று பாபு தலையில் கை வைத்துக்கொண்டார். வந்த வழியே பெட்டி கடைக்குத் திரும்பியது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் வருத்தம். தனக்கு எது பிடிக்கும் என்று அவர் சொல்லவே மாட்டார். சென்ற மழைக்காலத்தில் புது ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. எனக்கு அவசரம். “நீங்களே கேட்டு ஒண்ணச் சொல்லுங்கண்ணே” என்றேன்.

“என் காத வெச்சா நீ வேல பாக்கப் போற? நீ கேளு. நீ சொல்லு.”

“எப்பவும் எங்க தலையிலயே கட்டிட்டு நீங்க தப்பிச்சுக்கிறீங்க. நாளைக்குத் தப்பாப் போனா ‘நீதானே சொன்ன’ன்னு சொல்லலாம். அதுக்குத்தானே?”

எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன். அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி விடு” என்று சொல்லி உள்ளே போய் எங்களுக்கு டீ போட்டு எடுத்து வந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எப்போதும்போல நடந்துகொண்டார். கேட்க நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு, அவர் மனைவி மெர்சி அக்கா எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். அண்ணன் சேர்த்து வைத்திருந்த கருவிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். யாரும் கை நீட்டவில்லை. பாபுதான் பேச்சை மாற்றுவதற்காக, “அண்ணன் காது மாதிரி யாருக்கும் வராதுக்கா” என்றார்.

மெர்சி அக்கா நிமிர்ந்து பார்த்தார். “உங்களாண்ட சொல்லவே இல்லியா?”

“இன்னாதுக்கா?” என்றார் பாபு.

“அவருக்கு எடது காது சின்ன வயசுலயே போச்சு. பொன்னுக்குவீங்கி வந்து ஒரே வாரத்துல போயிடுச்சாம். சோத்துக்கை பக்கமும் கம்பெனி மிஷின் சத்தத்துல நாலஞ்சு வருஷமா கொறைஞ்சிகினே வந்துது. காதுக்கு மிஷின் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் வைக்கிறதா இருந்தோம்.”

பாபு எழுந்து வாசலுக்குப் போய், திரும்பி வந்து, நின்ற இடத்திலேயே நின்றார். நான்கு வருடங்களாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் போன் பேச மாட்டார், எழுதித்தான் அனுப்புவார். கூச்சம் என்று நினைத்தேன். எப்போதும் வலப்பக்கமே உட்காரவைப்பார். பழக்கம் என்று நினைத்தேன். பிறர் பேச்சைக் காதால் கேட்டே பிழைக்கிறவள் நான். இது எப்படி எனக்குத் தெரியாமல் போனது?

அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. அவரால் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். முடியாததை முடிந்ததாகக் காட்டி ஒரு கருவியைக்கூட எங்கள் தலையில் கட்டவில்லை. எங்கள் காதுகளை நம்பி, அளவுகளைச் சரிபார்த்து, பொய் நுழையும் வழிகளை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அவரிடம் யோசனை கேட்டு வாங்கிய யாரும் ஏமாந்ததில்லை. அதைத்தான் நான் தப்பித்துக்கொள்வது என்று சொன்னேன்.

அந்தச் சண்டையை மெர்சி அக்காவிடம் அங்கேயே சொல்லி அழுதேன்.

“எனக்குத் தெரியும்மா. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னாரு.”

“கோவப்பட்டாரா?”

“கோவமா? சிரிச்சிகினுதான் சொன்னாரு. ‘அந்தப் பொண்ணு ஒரு வாட்டி காது குடுத்துக் கேட்டா போதும் மெர்சி, நான் கேட்ட மாதிரி’ன்னாரு.”

அவர் வைத்துவிட்டுப் போன கருவிகளில் எதையும் நான் எடுத்து வரவில்லை. அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லாத அந்த ஒரு வரியைத்தான் வைத்திருக்கிறேன்.