வரப்பில் நடந்த வகுப்பு

போன வருஷம் மார்கழி மாதம். திருத்தணியிலிருந்து திருவாலங்காடு போகும் வழியில் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் யோகா சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் காலை ஆறு மணிக்கு வகுப்பைத் தொடங்கிவிடுவேன். ‘அனைவரும் வருக’ என்று தட்டி வேறு வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் சொந்தக் கழனி உள்ள வீட்டுப் பெண்கள். நடவுக்குப் போகும் காலனிப் பெண்களில் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகக் காலனிக்கே போய் நடவுக் கூட்டத்தின் தலைவியைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். எந்தக் கழனிக்குப் போவது, என்ன கூலி என்று பேசி முடிப்பவர் அவர்தான்.

"ஆறு மணிக்குக் கூப்புட்டா எப்படி டீச்சர் வருவோம்? அப்போ சோறாக்கிட்டு கழனிக்கு ஓடிகினு இருப்போம். அதுவும் நாள் பூரா குனிஞ்சி நடறவங்களுக்கு இன்னும் குனியச் சொல்லித் தரப் போறியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. பேசப் பேச அவர்களுக்கு வேண்டியது தெரிந்தது. இடுப்பு வலி குறைய வேண்டும். ஆஸ்பத்திரியில் மாத்திரைக் கவர் மேல் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதித் தருவதைத் தாங்களே படிக்க வேண்டும். அதற்கு நேரம்? கூழ் குடிக்கக் கரையேறும்போது, கூடவே ஒரு அரை மணி.

அப்படித்தான் வரப்பில் வகுப்பு ஆரம்பித்தது. இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைவது, மூச்சை நிதானமாக விடுவது, பிறகு ஈரச் சேற்றில் விரலால் எழுத்து. இரண்டு கழனிகளில் நன்றாகவே போயிற்று. அடுத்த கழனியின் சொந்தக்கார அம்மா, என் காலை வகுப்புக்குத் தவறாமல் வருபவர். முட்டிவலி குறைந்ததென்று எனக்கு வேர்க்கடலையெல்லாம் கொடுத்தனுப்பியவர். அவர் வரப்பில் வருவதைப் பார்த்து, விவரம் தெரியாமல் சந்தோஷமாகக் கையாட்டினேன்.

"இன்னா டீச்சர் இது? கூலி குடுத்து ஆள் எறக்கினா நீங்க பள்ளிக்கூடம் நடத்திகினு இருக்கீங்க?" என்றவர், தலைவி பக்கம் திரும்பினார். "ஏய், எறங்குடி. இல்லன்னா அரக்கோணத்துலேர்ந்து வேன்ல ஆள் கொண்டாந்துடுவேன். இந்தப் பருவம் பூரா அவங்கதான்."

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர். பருவத்துக் கூலி போனால் அத்தனை குடும்பமும் என்ன செய்யும்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாகிவிட்டேனே! வகுப்பை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

தலைவி முந்திக்கொண்டார். "ஆங், கொண்டாங்கம்மா. நாத்து பிடுங்கிப் போட்டாச்சி. வேன் வர்ற வரைக்கும் வாடாம இருக்குமான்னு பாத்துக்கோங்க. அரை மணி நேரந்தான் கேக்கறோம். இடுப்பு நிமிந்தா உங்க நடவுதான் சீக்கிரம் முடியும்."

அவர் குரல் உயரவே இல்லை. மிரட்டலைக் கேட்டு இறங்கப் போன இரண்டு இளம்பெண்களும் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தின் வழக்கம் அது. தலைவி இறங்கினால் எல்லாரும் இறங்குவார்கள், ஏறினால் எல்லாரும் ஏறுவார்கள்.

அந்த அம்மா நாற்றுக் கட்டுகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. "சரி, சட்டுனு முடிங்க" என்றார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. முட்டிவலிக்காரர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலைவியின் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, கொஞ்சம் நவுந்துக்கோ."

தன்னைவிட மூத்தவரான அந்தப் பெண்ணை அவர் ‘ஏய்’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரை அறியாமலே வாயில் வந்ததோ என்னவோ. தலைவி நகர்ந்து இடம் விட்டார். மூச்சை இழுக்கச் சொல்லியிருந்த நான், அந்த ‘அக்கா’வைக் கேட்டதில் விடச் சொல்ல மறந்துவிட்டேன். "டீச்சர், உயிர் போவுது" என்று ஒருத்தி கத்தியதும் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

மறுநாளே அவர் வாயில் பழையபடி ‘ஏய்’ வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த அரை மணியில் யாரும் கைவைக்கவில்லை. இந்த வருஷம் கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டார்கள். சமத்துவம் என்று எத்தனையோ கூட்டங்களில் நீட்டி முழக்கியிருக்கிறேன். அதை என் காதால் கேட்டது அன்றைக்கு அந்த வரப்பில்தான்.