போட்டியில்லாத வார்த்தை தேடிய நாலு மாசம்

திருப்பூரில் எல்லாரும் துணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது, நான் வார்த்தைக்கு விலை பார்க்கும் வேலையில் இருந்தேன்.

பன்னிரண்டாவதில் கணக்கில் பெயில். திரும்ப எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே ரெண்டு ரூம் ஆபீஸில் சேர்ந்தேன். இன்டர்நெட்டில் எதையாவது தேடினால் வலது பக்கம் குட்டிக் குட்டியாக விளம்பரம் வருமே, அதுதான் எங்கள் பொழைப்பு. யாராவது அதைக் கிளிக் பண்ணினால் விளம்பரம் கொடுத்தவர் கையிலிருந்து காசு போகும். ஒரு வார்த்தைக்கு எத்தனை கம்பெனி போட்டி போடுதோ, அத்தனைக்கு அந்தக் கிளிக்கின் விலை ஏறும். போட்டியே இல்லாத, ஆனால் சரக்கு வாங்குகிற ஆள் தேடுகிற வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டியது நான். இந்த ‘ஆனால்’தான் என் உசிரை வாங்கியது. இதே வேலையில் குப்பை கொட்டினவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பாவம் பார்த்தால் போதும்.

அம்மா பிடித்துக் கொடுத்த கஸ்டமர்

என் அம்மா, குழந்தைத் துணி தைக்கிற ஒரு பேபி வேர் யூனிட்டில் செக்கிங். நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்து வரும் பீஸில் தொங்குகிற நூலை வெட்டி, ஓட்டை இருக்கா கறை இருக்கா என்று பார்த்துத் தள்ளுவார். ஓனர் பழனிச்சாமி அண்ணன், தாராபுரம் பக்கம் குண்டடத்துக்காரர். இருபத்திரண்டு மெஷின், நாப்பது ஆள். அவருக்கு எல்லா வெளிநாட்டு ஆர்டரும் ஒரே ஏஜென்ட் மூலமாகத்தான் வந்துகொண்டிருந்தது. டாலர் நாப்பது ரூபாய்க்குக் கீழே இறங்கின வருஷம், அந்த ஏஜென்ட் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். டீ டைமில் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா சொல்லியிருக்கிறார், “என்ற புள்ள கம்ப்யூட்டர்ல வெளிநாட்டு பார்ட்டி புடிக்கற வேலைதானுங்க பண்றா.” நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாளே சாம்பிள் கவரோடு எங்கள் ஆபீஸில் வந்து நின்றார். ஒளிக்காமல் சொன்னார். கட்டட வாடகை அக்ரிமென்ட் ஆடி மாசத்தோடு முடிகிறது. அதற்குள் நேரடியாக ஒரு ஆர்டர் பிடிக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவார். நாப்பது ஆளும் வெளியே. அதில் ஒருத்தி என் அம்மா. அப்போது சித்திரை. எங்கள் ஆபீஸ் முதலாளி சார், அவர் பேசி முடிப்பதற்குள் அட்வான்ஸ் ரசீது எழுத ஆரம்பித்தார். நான், “ஆர்டர் வரும்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க” என்றேன். மேஜைக்கு அடியில் சார் என் காலை மிதித்தார். பழனிச்சாமி அண்ணன் சிரித்துக்கொண்டே, “நீ சொல்ல வேண்டாம் அம்மிணி. அதான் உங்கம்மா சொல்லீட்டாங்கல்ல” என்றார்.

கூட்டமில்லாத கடை

மூணு நாள் உட்கார்ந்து அறுபது வார்த்தை தேற்றினேன். பட்டன் வைக்காத பேபி டிரஸ், இரட்டைக் குழந்தைக்கு ஒரே மாதிரி டிரஸ், சாயம் போடாத பருத்தித் தொப்பி என்று எல்லாம் நீள நீளமாக, எல்லாம் மலிவாக. இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அடுத்த வீதில இருக்கற பெரிய கம்பெனிக்காரரு எந்த வார்த்தை வெச்சிருக்காருங்?” என்று கேட்டார். “டி-ஷர்ட், கார்மென்ட்ஸ். ஒரு கிளிக்குக்கே உங்க ஒரு நாள் பட்ஜெட்டில் பாதி போயிருங்க” என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. என் லிஸ்ட்டில் ‘போட்டி’ என்ற கட்டத்தில் வரிசையாக ‘இல்லை, இல்லை’ என்று இருந்தது. எனக்கு அது பெருமை. அவருக்கு அதுதான் பயம். “கூட்டமில்லாத ஓட்டல்ல நானே சாப்புட மாட்டன். வெள்ளக்காரன் எப்படி அம்மிணி வருவான்?”

சம்பந்தி பார்த்தால்தான்

விளம்பரம் ஓட ஆரம்பித்த அன்று காலை பத்து மணிக்கே அந்த நாளின் பட்ஜெட் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தால் அத்தனை கிளிக்கும் திருப்பூர், தாராபுரம், பல்லடம். போன் பண்ணினால் அண்ணன் சந்தோஷமாகச் சொல்கிறார்: காலையில் எழுந்ததும் நம்ம கம்பெனி வருதா என்று தேடி, நாலு தரம் கிளிக் பண்ணிப் பார்த்தாராம். மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னாராம். மாப்பிள்ளை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சிநேகிதர்களுக்குக் காட்டினாராம். ஐரோப்பாக்காரன் தூங்கி எழுந்து கம்ப்யூட்டரைத் திறக்கும் நேரத்தில் எங்கள் விளம்பரம் செத்துக் கிடந்தது.

வெளிநாட்டில் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி வைத்தேன். மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்னால் படியில் நிற்கிறார். விளம்பரத்தையே காணோமாம். இங்கே தெரியாது, அங்கே தெரியும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார், “இங்க நாலு பேரு பாக்காத விளம்பரத்த வெச்சு நான் என்ன பண்றது? என்ற சம்பந்தி பாத்தாத்தான் அம்மிணி அது விளம்பரம்!” சார் என்னைப் பார்த்தார். திருப்பூரைத் திரும்பச் சேர்த்தேன்.

போன் வந்தது

திருப்பூரைச் சேர்த்த பலன் அடுத்த வாரமே தெரிந்தது. ‘திருப்பூர் பேபி வேர் கம்பெனி’ என்று ஒரு வார்த்தை வைத்திருந்தேன். போட்டி சுத்தமாக இல்லை, ஆனால் நிறையப் பேர் தேடுகிறார்கள். புதையல் என்று நினைத்தேன். பதினோரு போன் வந்தது. பதினொன்றும் வேலை கேட்டு. விளம்பரத்தில் கொடுத்திருந்தது எங்கள் ஆபீஸ் நம்பர் என்பதால் எல்லாருக்கும் பதில் சொன்னது நான்தான். வெள்ளகோவிலில் இருந்து ஒருத்தர், பஸ் விடுவீர்களா என்று கேட்டார். இன்னொருத்தர் சம்பளம் வாரமா மாசமா என்றார்.

கடைசியாக ஒரு தெக்கத்திப் பையன். “எக்கா, ஓவர்லாக் நல்லா அடிப்பேன். தங்குறதுக்கு ரூம் உண்டுமா?” என்றான். எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டேன், ஆள் எடுக்கவில்லை, ஆர்டரே இல்லை என்று. அவன், “ஆர்டர் இல்லாமயா விளம்பரம் போட்டு எங்கள கூப்டுதிய?” என்றான்.

பச்சைக் கலர்

ஆனி பிறந்தது. வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அம்மா தினமும் ஒரே கேள்வி, “பார்ட்டி ஏதாச்சும் மாட்டுச்சா கண்ணு?” யூனிட்டில் ஒரு லைன் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அம்மாவை வாரத்தில் மூணு நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மாச ரிப்போர்ட்டை நான்தான் தயார் பண்ணினேன். வெளிநாட்டு என்கொயரி: ஜீரோ. அப்படியே எழுதினேன். சார் அதை அடித்துவிட்டு, முப்பத்தேழு வார்த்தைக்கு நம் விளம்பரம்தான் முதலிடம், அதைப் பெரிசாகப் பச்சைக் கலரில் போடு என்றார். “கிரவுண்டுல நாம மட்டும்தான் சார் ஓடறோம். முதலிடம் வராம என்ன?” என்றேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், “ஜீரோ போடறதுக்கு நீ என்ன கணக்கு டீச்சரா ஜெனி? கலரை அடிச்சு அனுப்பு.”

ஒரு கை நீளம்

வார்த்தைக்கு விலை காட்டுகிற சாஃப்ட்வேரை மூடி வைத்தேன். வெளிநாட்டு அம்மாக்கள் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொள்கிற பக்கங்களை டிக்ஷனரியும் கையுமாகப் படித்தேன். அங்கே ஒரு கூட்டம். மாசம் நிறையாமல் பிறந்த குழந்தைகளின் அம்மாக்கள். கடையில் விற்கிற மிகச் சின்ன டிரஸ்ஸிலும் குழந்தை காணாமல் போய்விடுகிறது, டியூப் மாட்டியிருக்கும் குழந்தைக்குத் தலை வழியாகப் போட முடியவில்லை என்று புலம்பியிருந்தார்கள். குறைமாசக் குழந்தை டிரஸ். தேடுகிறவர்கள் கொஞ்சம்தான், ஆனால் நிஜமாகத் தேடுகிறார்கள். போட்டி இல்லை. யாரையும் கேட்காமல் அதற்கு விளம்பரம் போட்டேன். அதற்கு மட்டும் திருப்பூரை வெட்டிவிட்டேன். சம்பந்திக்கு மற்ற அறுபது வார்த்தை இருந்ததே.

ஆறாவது நாள் ஒரு மெயில். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு உதவி பண்ணுகிற ஒரு அம்மா, அளவுச் சார்ட்டோடு எழுதியிருந்தார். பிரின்ட் எடுத்துக்கொண்டு யூனிட்டுக்கே ஓடினேன். அண்ணன் சார்ட்டைப் பார்த்து, தன் மணிக்கட்டில் இருந்து விரல் நுனி வரைக்கும் அளந்தார். “இத்தனூண்டா?” என்றார். என் அம்மா கத்தரியோடு வந்து எட்டிப் பார்த்தார். நாலு மாசத்தில் முதல் தடவையாக நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். மெயிலின் ரெண்டாம் பக்கத்தில் எத்தனை பீஸ் என்று இருந்தது: அம்பது. ஒரு சைஸுக்கு அம்பதா, கலருக்கு அம்பதா என்று கேட்டு எழுதினேன். மொத்தமே அம்பதுதானாம், முடிந்தால் அடுத்த வருஷமும் ஒரு அம்பது வாங்குவார்களாம். அந்த அம்பதுக்கு ரெண்டு கிலோ துணி போதும். சாயப்பட்டறையில் நூறு கிலோவுக்குக் குறைவாக ஒரு லாட் சாயம் போட மாட்டார்கள். கட்டிங் மாஸ்டர் பிரின்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்பது பீஸுங்களா? நான் துணிய விரிச்சு முடிக்கறதுக்குள்ள ஆர்டரே முடிஞ்சிருமேங்க.”

அனுப்பியது

அண்ணன் முடியாது என்று சொல்லவில்லை. குடோனில் மிச்சம் கிடந்த வெள்ளை ரோலை எடுத்தார். ரெண்டு டெய்லர், ஒரு நாள். சின்னத் தோலில் உரசக்கூடாது என்று தையல் மடிப்பை வெளிப்பக்கமாக வைக்கச் சொன்னார். சாதாரணமாக ஒரு பீஸைக் கண் மூடித் திறப்பதற்குள் தள்ளிவிடுகிற அம்மா, அன்றைக்கு ஒவ்வொன்றையும் ரெண்டு பக்கமும் திருப்பி, உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பதில் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

ஆடி ரெண்டாம் வாரம். வாசலில் டெம்போ நின்றது. மெஷினை விலைக்கு வாங்கினவர்கள் கயிறு போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூரியர் ஆபீஸுக்குப் போகும் கவரில் அண்ணனே அட்ரஸ் எழுதினார், அழகான கையெழுத்து. நான், “என்னால ஒண்ணும் ஆகலீங்ணா. அன்னைக்கே நான் வேண்டாம்னு சொல்லியிருக்கோணும்” என்றேன். அவர் கவரைக் கையில் தூக்கி எடை பார்த்தார். “கன்டெய்னர் போகோணும்னு கேட்டன் அம்மிணி. கவர் போகுது. செரி, அதாச்சும் போகட்டும்.”

மொத்தமாக வாங்குகிற ஆள் இல்லாத இடத்தில்தான் போட்டியும் இருக்காது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாசமும், அம்மாவுக்கு ஒரு வேலையும், பழனிச்சாமி அண்ணனுக்கு இருபத்திரண்டு மெஷினும் செலவானது.