மூன்று தாமதத்துக்கு அரை நாள்

முடிவை முதலில் எழுதிவிட்டு ஆய்வைப் பிறகு செய்வது எங்கள் பள்ளியில் நெடுங்கால வழக்கம். அறிவியல் கண்காட்சிக்கு அறிக்கை அனுப்பும் கடைசித் தேதி முன்னால் வரும், விதை முளைப்பது பின்னால் வரும். விதைக்குச் சுற்றறிக்கை அனுப்ப முடியாது. ஆகவே, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில் டிசைன் திங்கிங் என்ற பயிற்சி ஆரணிக்கு வந்து சேர்ந்தபோது, உதவித் தலைமையாசிரியனான நான் அதன் படிவத்தை வாங்கி முதல் நாளே நிரப்பி வைத்துவிட்டேன். பிரச்சினை: மாணவர் தாமதமாக வருதல். காரணம்: ஒழுக்கக் குறைவு. தீர்வு: கண்டிப்பு.

பயிற்சி தர வந்த பெண் சென்னைக்காரி. கையில் கலர் கலராக ஒட்டும் தாள் கட்டுகள். படிவத்தை நிதானமாகப் படித்தாள்.

"சார், அஞ்சு படியையும் நீங்களே ஏறிட்டீங்க. பசங்க என்ன பண்றது?"

"கையெழுத்துப் போடலாம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு என் படிவத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஐந்து படிகளை எழுதினாள். பிரச்சினை உள்ள ஆளோடு கூட இருந்து பார்ப்பது, அதன் பிறகே பிரச்சினை எது என்று சொல்வது, பல வழிகளை யோசிப்பது, ஒன்றைச் சிறிதாகச் செய்து பார்ப்பது, அது வேலை செய்கிறதா என்று சோதிப்பது. சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதும் இந்த வரிசையில்தான், தாள் மட்டும் ஒட்டமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முறை நல்ல முறைதான்.

பத்தாம் வகுப்பில் ஐந்து பேரைக் குழுவாக்கினோம். அதில் ஒருத்தி தேவிகாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். தாமதப் பதிவேட்டில் அதிகம் வந்த பெயர் அவளுடையது. மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு என்பது பள்ளி விதி. கடலை பிடுங்கும் நாட்களில் அம்மாவோடு கூலிக்குப் போனதில் ஏற்கெனவே சில நாட்கள் போயிருந்தன. இரண்டையும் கூட்டினால் பொதுத்தேர்வு எழுதத் தேவையான வருகை நாட்கள் அவளுக்கு இல்லை. தேர்வுப் பட்டியலை அனுப்ப மூன்று வாரம் பாக்கி இருந்தது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்த பெண்ணை மறுபடி பள்ளிக்கு அனுப்பிய குடும்பத்தை என் சர்வீஸில் நான் அதிகம் பார்த்ததில்லை. அவளுக்கும் அது தெரியும்.

பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம் சிறியது. அவள் பெயருக்கு எதிரே எல்லா நாளும் 'பஸ்' என்று இருந்தது. அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை.

முதல் படிக்காகக் குழு அவளோடு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வர வேண்டும். மாணவர் வெளியே போனால் ஓர் ஆசிரியர் உடன் போக வேண்டும் என்பதால் நானும் போனேன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அதுவே எனக்கு முதல் ஏமாற்றம்.

சந்திலிருந்து நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தோம். எதிர்ச் சந்தில் புகுந்தால் பள்ளி. நடுவே பாவு நின்றது. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இடுப்பளவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் பாவைத் தாண்ட மாட்டார்கள். தாண்டுவது அவர்களுக்குத் தட்டில் இருக்கும் சோற்றை மிதிப்பது போல. குனிந்து அடியில் புகலாமே என்று நினைத்து நான் தலையைத் தாழ்த்தினேன்.

"சார், சார், வேணாங்க" என்று கஞ்சிக் குண்டானோடு ஓர் அம்மாள் வந்தார். "தலைல எண்ணெ வெச்சிகினு வர்றீங்க. பட்டுல பட்டா கறை போவாது. முதல் வாரமே இந்தப் பொண்ணுக்குச் சொல்லியாச்சு. அது பாவம் சுத்திகினுதான் போவுது."

"எவ்வளவு தூரம் சுத்தணும்?"

"அந்த முனை வரைக்கும் போய் வாங்க. இன்னா, வாத்தியாருக்கு ஜல்தியா?"

பக்கத்தில் இழை சரிசெய்து கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "தினம் புள்ளைங்கள வெயில்ல நிறுத்தறாரு இல்ல, ஒரு நாளு நடக்கட்டும்."

நடந்தேன். முனை வரை போய், பாவு கட்டிய கட்டையைச் சுற்றி, அதே நீளம் திரும்பி வந்து எதிர்ச் சந்தில் புகுந்து பள்ளி வாசலை அடைந்தபோது மணி அடித்து முடிந்திருந்தது. காவலாளி பதிவேட்டை நீட்ட வந்து, கையைப் பாதியில் நிறுத்தினார்.

"சார், நீங்களும் எழுதணுமா?"

"விதி" என்றேன். காரணக் கட்டத்தில் 'பாவு' என்று எழுதினேன். அது அங்கே கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் யோசனைப் படி. சுவரெல்லாம் கலர் தாள். பஸ்ஸை முன்னதாக விடச் சொல்லி மனு என்று ஒருவன். பாவை உயரத் தூக்கிக் கட்டச் சொல்லலாம் என்று இன்னொருவன். நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி அவனைப் பார்த்தாள். "நீ வந்து தூக்கிப் புடி. கஞ்சி காயற வரைக்கும்."

"அப்ப கொஞ்சம் லேட்டா போடச் சொல்லு."

"வெயிலு ஏறினா கஞ்சி மொறமொறன்னு ஆயிடும். அப்புறம் எங்கப்பா உன்னத்தான் தறில உக்கார வெப்பாரு."

தேவிகாபுரம் பெண் மட்டும் எதுவும் ஒட்டவில்லை. பயிற்சிக்காரப் பெண் அவளிடம் ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தாள். அவள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். 'பின் கேட்டு' என்று இருந்தது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பஸ் நிறுத்தம் பள்ளிக்குப் பின்புறம். பின் கதவு திறந்திருந்தால் நெசவாளர் தெருப் பக்கமே போக வேண்டாம். தொண்ணூறுகளில், இடைவேளையில் மசால் வடைக்கு ஓடிய ஒரு கூட்டத்தைத் தடுக்க அதைப் பூட்டியவன் நான். வடை தின்றவர்களுக்கு அதற்குள் கல்யாணமே ஆகியிருக்கும். சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது.

"மாதிரி ஒன்னு செஞ்சி பாக்கலாமா சார்?" என்றாள் பயிற்சிக்காரப் பெண்.

"ஒரு வாரம். காலையில் இருபது நிமிடம். ஓர் ஆசிரியர் பொறுப்பில்" என்றேன். அந்த ஆசிரியர் யார் என்று யாரும் கேட்கவில்லை. பூட்டுக்கு எண்ணெய் போட்டுத் திறந்து நானே நின்றேன். அந்த வாரம் இரண்டு நாள் பாவு போட்டார்கள். பஸ் பிள்ளைகள் ஒருவர் பெயரும் பதிவேட்டில் ஏறவில்லை. வாரம் முடிந்த பிறகும் காலையில் கதவைத் திறந்தே வைத்தேன். குழு அறிக்கை எழுதியது, பயிற்சிக்காரப் பெண் படமெடுத்துக் கொண்டு சென்னைக்குப் போனாள். ஐந்து படிகளும் முடிந்தன.

அறிக்கையில் கையெழுத்து வாங்க வந்த தேவிகாபுரம் பெண், வாங்கிய பிறகும் நின்றாள்.

"இன்னாம்மா?"

"இனிமே லேட் வராது சார். வந்ததுக்கு இன்னா பண்றது?"

அதற்கு ஆறாவது படி எதுவும் இல்லை. வருகைக் குறைவை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கான முறை எனக்குத் தெரியும், அது பட்டியலுக்கு முன்னால் முடியாது என்பதும் தெரியும். ஆகவே வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்று தாமதத்துக்கு அரை நாள் என்று எந்த ஆணை சொல்கிறது? கோப்புகளை இறக்கினேன். இரண்டு மாலைகள் தேடினேன். அரசாணை இல்லை, சுற்றறிக்கை இல்லை. கடைசியில் ஒரு பழைய கோப்பில் ஒரே ஒரு தாள் கிடைத்தது. தொண்ணூறுகளில் எழுதியது, அன்றைய தலைமையாசிரியரின் சுருக்கொப்பத்தோடு. கையெழுத்து என்னுடையது. நானே எழுதி, வருடக்கணக்கில் அமல்படுத்தி, அரசு விதி என்று நானே நம்பியும் விட்டிருந்தேன்.

தாளைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன்.

"சார், இது உங்க எழுத்தாச்சே."

"ஆமாம் மேடம். இந்த விதிக்குப் பின்னால் எந்த அரசாணையும் இல்லை. இதனால் போட்ட விடுப்பு செல்லாது."

"பதிவேட்ல திருத்தினா நாளைக்கு யாராவது கேக்க மாட்டாங்களா?"

"கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிவப்பு மையில் காரணம் எழுதி, நான் சுருக்கொப்பமிட்டு, நீங்கள் மேலொப்பமிட வேண்டும். கேட்டால் தாளைக் காட்டுவோம். தாளில் என் பெயர்தான் இருக்கிறது."

அவர் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனா மூடியைத் திறந்தார்.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் செய்தால் அது சலுகை, எல்லோருக்கும் செய்தால் திருத்தம். ஆகவே பத்தாம் வகுப்பு முழுவதற்கும் செய்தேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாமதப் பதிவேட்டிலிருந்து தேதிகளைப் படிக்கச் சொன்னேன். அவள் படிக்க, நான் அடித்து, எழுதி, ஒப்பமிட்டேன். 'விதி செல்லாது' என்று அத்தனை முறை எழுதினால் எந்த மனிதனுக்கும் எழுத்து அழகாகிவிடும். முடித்து வருகைப் பதிவேட்டை மூடப் போனேன்.

"சார், செப்டம்பர்ல ஒன்னு உட்டுட்டீங்க."

"உன்னுதா?"

"இல்ல சார். பாவத் தூக்கிக் கட்டலாம்னு சொன்னானே, அவன்து."

பதிவேட்டைத் திரும்பத் திறந்தேன். அவள் சொன்னது சரி. அதையும் அடித்து ஒப்பமிட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து என் பழைய படிவத்தை எடுத்தேன். 'காரணம்: ஒழுக்கக் குறைவு' என்ற வரியை அதே சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'பின் கதவு பூட்டப்பட்டிருந்தது' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். பட்டியல் அவள் பெயரோடு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.