திருவண்ணாமலையில் மாமியாரைத் தொலைக்காமல் திரும்புவது எப்படி

மாமியாரைத் தொலைத்த மருமகன் என்ற பட்டத்தை நான் திருவண்ணாமலையில் வாங்கினேன். வேண்டுமென்றே தொலைத்தேன் என்று சொல்ல ஒரு கோஷ்டி இருக்கிறது. என் மைத்துனர்தான் அதற்குத் தலைவர். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அங்கே போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

சென்ற ஆவணியில் மாமியார் ஆற்காட்டிலிருந்து திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "இவ்ளோ கிட்டக்க இருந்துக்கினு எங்கம்மாவுக்கு அண்ணாமலையாரக் காட்டலன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் மனைவி. அது கேள்வி இல்லை என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

திண்டிவனத்தில் காலை ஏழரை மணி பஸ். செஞ்சி வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விற்க வருவார்கள், தயங்காமல் வாங்குங்கள். மலை கண்ணில் பட்டதும் பஸ்ஸே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எங்கள் கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போட்டுக்கொண்டார்.

கிழக்கே பதினோரு நிலை ராஜகோபுரம். அண்ணாந்து பார்க்கும்போது பர்ஸ் மேல் ஒரு கை இருக்கட்டும். தரிசனம் நன்றாகவே முடிந்தது. தாயையும் மகளையும் வெளிப் பிராகாரத்தில் ஒரு மண்டப நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பிரசாதக் கடைக்குப் போனேன். அங்கேயே நின்று ஒரு வடையைக் காலி பண்ணியது உண்மைதான். திரும்பி வந்தால் மனைவி தூணில் சாய்ந்து தூங்குகிறாள். மாமியாரைக் காணோம்.

ஊர் அவருக்குப் புதிது. கையில் காலணா கிடையாது. உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடுவார்கள். நாலு திசையில் நாலு கோபுரம். எந்த வாசலில் போய் நிற்பார்?

"பச்சப் பொடவ அம்மாவா?" என்றார் நான் அடையாளம் சொல்லிக் கேட்ட காவல்காரர். "இப்பத்தான் சுத்திக்கினு போனாங்க. எட்டி நடங்க சார், புடிச்சிடலாம்."

எட்டி நடந்தேன். பிராகாரம் முழுவதும் சுற்றி அவரிடமே வந்து சேர்ந்தேன்.

"இப்பத்தானே போனாங்க!"

மூன்றாம் சுற்றில் அவர் சிரித்தே விட்டார். "மாமியாரத் தேடி இவ்ளோ வேகமா ஓடற மருமவன இப்பத்தான் சார் பாக்கறேன்."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. கோயிலில் யாரும் இடமிருந்து வலமாகத்தானே சுற்றுவார்கள்? மாமியார் முன்னே, நான் பின்னே, நடுவில் எப்போதும் ஒரு கோபுரம். இப்படியே போனால் கார்த்திகை தீபம் வரைக்கும் சுற்றலாம்.

"எதிர்ப்பக்கமா போங்க" என்றாள் அதற்குள் எழுந்து வந்திருந்த மனைவி, தூக்கம் கலையாத கண்ணை முந்தானையால் துடைத்தபடி.

"அப்பிரதட்சணமாவா? பாவம் யாருக்கு?"

"உங்களுக்குத்தான். இருக்கறதோட இன்னொண்ணு சேந்தா இன்னா கெட்டுப்போச்சு? போங்க!"

போனேன். கூட்டம் என்னைப் பேய் பிடித்தவனைப் போலப் பார்த்தது. ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து, "இன்னாய்யா, காலைலயே ஏத்திக்கினியா? அந்தாண்ட போ" என்று திருப்பியே விட்டார். அவர் தலை மறைந்ததும் மறுபடி திரும்பினேன். மேற்குக் கோபுரத்துக்கு எதிரே, பச்சைப் புடவை!

எந்த மருமகனும் மாமியாரைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். "அத்தை!" என்று நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் எழும்பின. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே பசியும். மீதி வடைகளை மூவரும் உட்கார்ந்து தின்றோம். அதைப் போன்ற வடையை நான் எங்கும் சாப்பிட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கூட வந்தவர் காணாமல் போனால் துரத்தாதீர்கள். பிராகாரத்தில் ஓரிடத்தில் உட்காருங்கள். சுற்றுகிறவர் எப்படியும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும். கூடச் செல்பவருக்கு பஸ் காசாவது கொடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் திரும்பும் பஸ்ஸில் மாமியாரிடமும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க பின்னால வர்றத மொத சுத்துலயே பாத்துட்டேன் மாப்ள" என்றார். "பதினாறு வருசத்துல நீங்க கோயில் சுத்தி இன்னிக்குத்தான் பாக்கறேன். கூப்ட்டா நின்னுடுவீங்களேன்னு கொஞ்சம் வெரசா நடந்தேன்."