விஷ்ணுகிராந்திக்குக் காவல் வைத்த கல்

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெருமுனையில் ஒரு கல்லுக்குக் கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான்.

அந்தக் கல்லைக் கொண்டுவந்து வைத்ததே நான்.

மயிலாப்பூரில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பாய் விரிக்கிற அளவு மண்தரை இருந்தது. மழை விட்டதும் அதில் விஷ்ணுகிராந்தி படர்ந்தது. பார்த்திருக்கிறீர்களா? தரையோடு தரையாக ஓடும். இலையைத் தடவினால் பட்டு மாதிரி ரோமம். பூ, சட்டைப் பித்தானைவிடச் சின்னது... நல்ல நீலம். காலையில் விரியும், மத்தியானம் மூடிக்கொள்ளும். அப்போது போனால் வெறும் புல் என்றுதான் நினைப்பீர்கள். ஓரமாக வெள்ளைத் தும்பை வேறு. பால் வாங்கப் போகையில் தினமும் குனிந்து பார்ப்பேன்.

பிறகு பைக்குகள் வந்தன. ஸ்டாண்டு சரியாகப் பூவின் மேல் இறங்கும். ‘தம்பி, கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா’ என்று சொல்லலாம்தானே? முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு வாய் வராது. மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் செல்வி கவனித்துவிட்டாள்.

“இன்னா பெரிம்மா, டெய்லி குனிஞ்சிகினு இன்னா தேடுற? கம்மல் உய்ந்துட்ச்சா?”

பூவைக் காட்டினேன். பைக்கையும் காட்டினேன்.

“இத்துக்கா? ஒரு கல்ல வச்சி மஞ்சளத் தடவி உடு. அப்பால எவன் வண்டி உடுறான்னு பாக்கலாம்.”

சுவரோரம் அசுத்தம் செய்யாதிருக்க சாமி படம் ஒட்டுகிற ஊர் இது. யோசனை சரியென்றே பட்டது. வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, செடியோரம் வைத்தேன்.

மறுநாளே பைக் இல்லை. செடி தழைத்தது. தரையே நீலமாகிவிட்டது.

அப்புறம் யாரோ விளக்கு ஏற்றினார்கள். சாமி என்றால் பூ வேண்டாமா? பக்கத்திலேயே இருக்கிறதே — தும்பையைக் கிள்ளிச் சாத்தினார்கள். அது தீர்ந்ததும் விஷ்ணுகிராந்தி. மிச்சம் இருந்த கொடியின் மேல்தான் நின்று கும்பிட்டார்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம், ‘அது எங்கள் வீட்டுக் கதவுக்கல்’ என்று. சொல்லத்தான் ஒருநாள் போனேன். ஒரு பெண் கண்ணில் நீர் வழியக் கும்பிட்டுக்கொண்டு இருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

போன வியாழக்கிழமை அந்த மண்தரை முழுக்கச் சிமென்ட் கொட்டி டைல்ஸ் பதித்துவிட்டார்கள்.

“உன் கல்லுக்கு வந்த வாழ்வப் பாத்தியா பெரிம்மா?” என்றாள் செல்வி. நான் டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் கரி போடப் போய்விட்டாள்.

பூ பறிக்க நமக்கு ஒரு சாமி போதும்... பூவை விட்டுவைக்கத்தான் எதுவுமே போதவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இன்றுவரை அங்கே ஒரு பைக் கூட நிற்கவில்லை.